வயிற்றில் தவளை குதித்த நீர்நாய்க்குட்டி

குளக்கரைப் பூவரச மரத்தில் நூலி என்றொரு தையல்சிட்டு இருந்தாள். இலையோடு இலை சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவது தையல்சிட்டுகளின் வேலை. நூலி அதோடு நிற்கவில்லை. படப் புத்தகங்களும் தைத்தாள். பூவரச இலைகளை அடுக்கி, ஓரத்தைச் சிலந்தி நூலால் தைத்து, நாவல் பழச் சாற்றில் அலகை நனைத்துப் படம் போடுவாள். காட்டுக் குட்டிகள் அந்தப் புத்தகங்களுக்கு அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் கயல் என்ற நீர்நாய் மரத்தடிக்கு வந்தாள்.

"அக்கா! என் மகன் துடுப்பன் தண்ணீரைக் கண்டாலே அலறுகிறான். குளமோ வற்றிக்கொண்டு வருகிறது. சீக்கிரமே ஓடை வழியாக நீந்தி ஆற்றுக்குப் போயாக வேண்டும். அவனைச் சுமந்துகொண்டு என்னால் நீந்த முடியாது, வளர்ந்துவிட்டான். தரை வழியே போனால் நரி விடாது. அவனுக்குத் துணிச்சல் வருகிற மாதிரி ஒரு புத்தகம் தைத்துக் கொடுங்கள்!"

"இதென்ன பெரிய காரியம்! நாளைக்கே தருகிறேன்!" என்றாள் நூலி.

சொன்னபடியே தைத்தாள். அதில் பயமே அறியாத ஒரு நீர்நாய்க்குட்டி இருந்தது. அருவியின் உச்சியிலிருந்து குதித்தது. முதலையின் முதுகில் சவாரி போனது. எல்லாப் படத்திலும் ஒரே சிரிப்பு!

துடுப்பன் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தான். பிறகு புத்தகத்தை மூடி மெல்லத் தள்ளிவைத்தான்.

"நன்றாக இல்லையா கண்ணு?" என்று கேட்டாள் நூலி.

"நன்றாகத்தான் இருக்கிறது அத்தை. ஆனால் இவனுக்குப் பயமே வரவில்லை. எனக்கு வருகிறதே! அப்படியென்றால் நான் கோழைதானே?"

சொல்லிவிட்டு வளைக்குள் போய்ச் சுருண்டுகொண்டான். கூப்பிட்டும் வரவில்லை.

நூலிக்கு மனசே சரியில்லை. 'நல்லது செய்வதாக நினைத்துக் குழந்தையை நோகடித்துவிட்டேனே!' என்று இரவெல்லாம் புரண்டாள்.

விடிந்ததும் வெற்று இலைகளோடு வளை வாசலில் போய் உட்கார்ந்தாள்.

"துடுப்பா, பயம் வரும்போது உனக்கு எப்படி இருக்கும்? நீ சொல்வதை அப்படியே போடுகிறேன்."

உள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"வயிற்றுக்குள்ளே ஒரு தவளை குதிக்கிற மாதிரி இருக்கும்."

"சின்னத் தவளையா, பெரிய தவளையா?"

"கரையில் நின்றால் சின்னது. கால் நனைந்தால் பெரிசு!"

நூலி வரைந்தாள். முதலில் துடுப்பனின் மூக்கு வெளியே வந்தது. பிறகு மீசை. பிறகு முழு உடம்பும் வந்துவிட்டது.

"தவளையை இன்னும் குண்டாகப் போடுங்கள் அத்தை!" என்று சிரித்தான்.

அடுத்த இலையில், வயிற்றில் தவளையோடு ஒரு குட்டி ஒற்றைக் காலைத் தண்ணீரில் வைத்தது. அதற்கடுத்த இலையில் வாலையும் நனைத்தது.

"தவளை போகவே இல்லையா?"

"எங்கே போகிறது! அது பாட்டுக்குக் குதிக்கிறது. இவன் பாட்டுக்குக் காலை நனைக்கிறான்."

"பயத்தோடேயேவா?"

"பயத்தோடேயேதான்!"

அன்று துடுப்பன் முன்னங்காலை மட்டும் குளத்தில் நனைத்தான். உடனே எடுத்துக்கொண்டான். நூலி அவனை அவசரப்படுத்தவில்லை.

ஒருநாள் காலை, ஓடையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கக் கயல் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து நரி வந்தது.

"துடுப்பா, தங்கமே! தண்ணீரென்றால் உனக்கு ஆகாதாமே? பாவம், பச்சைக் குழந்தையை ஏன் இப்படி வதைக்கிறார்கள்! என் பின்னால் வா. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் ஆற்றில் கொண்டுபோய் விடுகிறேன். உன் அம்மாதான் என்னை அனுப்பினாள்!"

"நிஜமாகவா? தண்ணீரே கிடையாதா?" துடுப்பன் ஆசையோடு வெளியே வந்தான்.

மரத்திலிருந்து நூலி பார்த்தாள். இறக்கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. நரியின் ஒரு கடிக்குக்கூடக் காணாத உடம்பு அவளுடையது. இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது. ஆனாலும் விருட்டென்று பறந்து நரியின் மூக்குக்கு முன்னால் வந்தாள்.

"பொய்! பொய் சொல்கிறது! துடுப்பா, தண்ணீருக்கு ஓடு!"

நரி சட்டென்று கவ்வியது. நூலியின் வால் இறகு ஒன்று அதன் பல்லில் மாட்டிக்கொண்டது. அப்போதும் நூலி விலகவில்லை. நரியின் கண்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தினாள்.

துடுப்பன் அவளைப் பார்த்தான். அத்தையின் குரல் நடுங்குகிறது. இறக்கை நடுங்குகிறது. நடுங்கிக்கொண்டே நரியை மறிக்கிறாள்!

அவன் ஓடினான். தண்ணீரின் விளிம்பில் கால்கள் நின்றுவிட்டன. வயிற்றில் தவளை அப்படிக் குதித்தது! பின்னால் நரியின் காலடிச் சத்தம் கேட்டது.

"சரி, நீயும் வா!" என்று தவளையிடம் சொல்லிவிட்டுக் குதித்தான்.

மூழ்கினான். தண்ணீர் குடித்தான். மேலே வந்து இருமினான். கால்கள் தாமாகவே தண்ணீரைத் தள்ளத் தொடங்கின. நரி பாய்ந்து வந்தது. கரைச் சேற்றில் முழங்கால் வரை புதைந்தது. வெகுநேரம் போராடிக் காலைப் பிடுங்கிக்கொண்டு, முனகியபடியே திரும்பிப் போனது.

கயல் வந்தபோது மகன் நடுக்குளத்தில் இருந்தான்.

"அம்மா! எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது! ஆனால் மிதக்கிறேன்!"

கயல் ஒரே பாய்ச்சலில் போய் அவனை அணைத்துக்கொண்டாள். கரையில் நூலி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள்.

குளம் வற்றுவதற்குள் தாயும் மகனும் ஓடை வழியே நீந்தி ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதன்பிறகு ஒரு தாய் முயல் நூலியைத் தேடி வந்தாள். "என் மகள் இடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறாள். பயமே இல்லாத ஒரு முயலைப் போட்டுக் கொடுங்களேன்!"

"அப்படி ஒரு முயலை நான் பார்த்ததில்லையே!" என்றாள் நூலி. "மகளைக் கூட்டி வா. அவள் பயம் எப்படி இருக்கும் என்று முதலில் அவளையே கேட்போம்."

பயமே இல்லாமல் இருப்பது துணிச்சல் அல்ல. பயந்துகொண்டே செய்ய வேண்டியதைச் செய்வதுதான் துணிச்சல்.