வழுக்குமரமும் ரெண்டூரு கண்மாயும்

ஒரு ஊர்ல… இல்ல இல்ல, ரெண்டு ஊரு! கண்மாய்க்கு மேக்கால வேலங்காடு, கெழக்கால பனையடி. கண்மாய் ஒண்ணுதான், அதனால வருசா வருசம் தண்ணிக்கு அடிதடி. வேலங்காட்டுல வெள்ளச்சின்னு ஒரு பொண்ணு இருந்தா. மரமேறுறதுல அணிலே அவகிட்ட தோத்துப்போகும். பனையடி மொக்கையன் கம்பால அடிச்சதுல அவ அண்ணன் மாயாண்டிக்குக் கை கோணிப்போச்சு. அதுலேருந்து மொக்கையன்னு பேரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும்.

அந்த நாட்டு மந்திரி இருக்கானே, பலே ஆளு! "சண்டை தீர்ற வரைக்கும் மடையை நான் பாத்துக்கிறேன்"னு சொல்லி, தண்ணி பூராவும் தன் கரும்புக்குத் திருப்பிக்கிட்டான். ரெண்டூரு பயிரும் கருகுது. பயிர் கருகுற சேதி தெரிஞ்சு ராசாவே நேர்ல வந்துட்டாரு. உடனே மந்திரி, "ராசா, வழுக்குமரம் நட்டு உச்சியில மஞ்சத்தண்ணிப் பானையைக் கட்டுவோம். உடைக்கிறவங்களுக்குக் கண்மாய். பொழுது சாயறதுக்குள்ள யாரும் உடைக்கலைன்னா கண்மாய் எனக்கு"ன்னான். ராசாவும் சரின்னுட்டாரு.

மரமா அது? வானத்தைக் குத்துது! மேலேருந்து கீழ வரைக்கும் விளக்கெண்ணெய் வழியுது. வேலங்காட்டுக்காரங்க தோள்மேல தோளா ஏறுனாங்க, உச்சியில வெள்ளச்சி, எட்டலை, சர்ருன்னு சறுக்கி பொத்துன்னு விழுந்தாங்க. பெறகு பனையடிக்காரங்க ஏறுனாங்க, சர்ரு, பொத்து! பெறகு திரும்பவும் வேலங்காடு, சர்ரு, பொத்து! எந்த ஊருக்கும் ஆள் பத்தலை. மந்திரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பை வெள்ளச்சி பாத்தா. 'அடப்பாவி, நாங்க அடிச்சுக்கிறதுலதானே உன் கரும்பு வெளையுது!' ஒரே ஓட்டமா மொக்கையன்கிட்ட ஓடுனா.

"ஏய்யா மொக்கையா, நீ அடியில நில்லு. ரெண்டூரும் சேந்து ஏறுவோம்."

"அவன் தோள்லயா? என் உசிரே போனாலும் ஏற மாட்டேன்!"னு மாயாண்டி கத்துனான்.

"அண்ணே, கைதான் கோணுச்சு, வயலும் கருகணுமா?"

மொக்கையன் அந்தக் கோணக் கையைப் பாத்தான். முகம் சுண்டிப்போச்சு. மரத்தைக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சு, "மாயாண்டி, மொத மிதி உன்னோடதா இருக்கட்டும்"னான். மாயாண்டி கோணக் கையால மரத்தைப் பிடிச்சான். மொக்கையன் தோள்ல ஏறி நின்னான். மொக்கையன் அவன் காலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

அவன்மேல பனையடி ஆளு, அதுக்குமேல வேலங்காட்டு ஆளு, அதுக்குமேல பனையடி ஆளு! சூரியன் பாதி முங்கியாச்சு. "ஏறு தாயி, ஏறு!"ன்னு ரெண்டூரும் ஒரே கூச்சல். வெள்ளச்சி ஏறுறா, சறுக்குறா, கீழேருந்து ஒரு கை தாங்குது, எந்த ஊருக் கையோ யாரு கண்டா! எக்கி விட்டா பாருங்க பானைமேல ஒரு குத்து, மடார்! மஞ்சத்தண்ணி கொட்டுது, எல்லாரும் மஞ்சக்குளிச்சாச்சு, இதுல வேலங்காடு எது, பனையடி எதுன்னு நீங்களே சொல்லுங்க!

"செல்லாது! எந்த ஊரும் செயிக்கலை!"ன்னு மந்திரி குதிச்சான்.

"உடைக்கிறவங்களுக்குன்னுதானே சொன்னே? உடைச்சுட்டாங்க"ன்னாரு ராசா. "கண்மாய் ரெண்டூருக்கும். அவங்க தண்ணியில வெளைஞ்ச உன் கரும்புக்காடும் அவங்களுக்கு. நாளையிலேருந்து நீ மம்பட்டி எடுத்து ரெண்டூரு வயலுக்கும் மடை திறந்துவிடு!"

மந்திரி சேத்துல எறங்குனான், ரெண்டூரும் பகையை விட்டுக் கரையேறுச்சு. அடுத்தவன் சண்டையில குளிர் காயறவன் அந்தத் தீயிலயே வேகுவான். பானை உடைஞ்சுச்சு, பகை கரைஞ்சுச்சு, கதையும் நெறைஞ்சுச்சு!