காந்தப் பிள்ளையார்

கோவில்பட்டியில் பழைய வண்டி விற்கிற ராஜமன்னார் வாய்ஜாலத்திலேயே பிழைக்கிறவர். துருவேறி ஓட்டை விழுந்த வேன் ஒன்றைப் பெயிண்டர் மூக்கையாவிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பள்ளிக்கூடப் பிள்ளைக ஏறப்போற வண்டி மொதலாளி, புதுத் தகடு போட்டுருவோம்" என்றான் மூக்கையா.

"தகடும் வேண்டாம், கிகடும் வேண்டாம். ஓட்டையில பட்டி மாவை அப்பி அடைச்சுப் பெயிண்ட் அடி. எவன் கண்ணுக்கும் தெரியக்கூடாது. வாயைத் திறந்தே, இந்த ஊர்ல ஒரு சைக்கிள்கூட உன்கிட்ட வராது!"

"திறக்கல மொதலாளி" என்றான் மூக்கையா. அடித்த பெயிண்டில் வேன் கண்ணாடியாய் மின்னியது.

வாங்க வந்த தங்கபுஷ்பம் வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அத்தனையும் கம்பெனித் தகடும்மா!" என்றார் ராஜமன்னார்.

மூக்கையா பேசாமல் வந்து, முதுகில் காந்தம் வைத்த சின்னப் பிள்ளையாரை அவள் கையில் கொடுத்து, வேனைக் காட்டிக் கும்பிட்டான்.

அவள் கதவில் ஒட்டினாள், பிள்ளையார் விழுந்தார். பக்கத்தில் ஒட்டினாள், அங்கும் விழுந்தார். இரும்பு இருந்தால்தானே காந்தம் பிடிக்கும்!

"அண்ணாச்சி, இதுல பிள்ளையாரே ஏறமாட்டேங்காரு. பிள்ளைகளை எப்படி ஏத்த?"

ராஜமன்னார் மூக்கையாவை முறைத்தார். அவன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. புதுத் தகட்டையும் வெட்டுகிற கத்திரியையும் எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தான்.