மூன்றாவது கீபோர்டு

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் குருவுக்கு வயது முப்பத்திரண்டு, பெயர் பெனிட்டா. மேடவாக்கத்தில் இரண்டாவது மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள். சீடராக வந்தவருக்குத்தான் நாற்பத்தைந்து வயது, பாதி வழுக்கை, கொஞ்சம் தொப்பை. அவர் பெயர் பால்வண்ணம். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீட்.

கீபோர்டைத் தட்டித் தட்டிக் கை கெட்டுப்போன புரோகிராமர்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம். வெளியே சொல்ல மாட்டார்கள். காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெயர் பெனிட்டா. அவளிடம் போய்க் கையை நீட்டினால் பத்து நிமிஷம் பார்ப்பாளாம். எந்த மாதிரிக் கீபோர்டு ஒத்துவரும், எதன் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிடுவாளாம். சிலரிடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் டீ கொடுத்து அனுப்பிவிடுவாள் என்றும் கேள்வி. அவள் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

பால்வண்ணத்துக்கு ஆறு மாதமாக வலது கை சரியில்லை. முதலில் கட்டைவிரல் பக்கம் சுருக் சுருக்கென்று குத்தியது. அப்புறம் மூன்று விரல்கள் மரத்துப்போயின. இப்போது சட்டைப் பித்தானைப் போட்டுவிட வீட்டுக்காரி வர வேண்டியிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் போட்டுவிட்டுப் போவாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும் அவருக்கு.

டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. ஆறு வாரம் கையை முழு ஓய்வில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த விரல்களில் உணர்ச்சி திரும்பும் என்று நம்ப வேண்டாம் என்றார். மணிக்கட்டுக்கு ஒரு பெல்ட்டும் கொடுத்தார். பால்வண்ணம் அந்த பெல்ட்டைக் காரில் போட்டுக்கொள்வார், ஆபீஸ் வாசலில் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார். ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிறது என்று ஊரே பேசுகிறது. அந்த நேரத்தில் பெல்ட் கட்டிய கையோடு மேனேஜர் முன்னால் போய் நிற்க அவருக்கு என்ன பைத்தியமா?

லீவு கேட்க முடியாது, கீபோர்டு வாங்க முடியும். அவர் புத்தி அந்த வழியில்தான் போயிற்று. பதினான்கு கீபோர்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு பட்டியல் போட்டார். இரண்டு துண்டாகப் பிரிந்தது, நடுவில் கூடாரம் மாதிரி எழும்பி நிற்பது, கட்டைவிரலுக்கென்று தனி வரிசை வைத்தது என்று விதவிதமாக. ஒவ்வொன்றுக்கும் சாய்வு எத்தனை, விசையை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும், வாங்கினவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பதினோரு பத்தி. மூன்று வாரம் உட்கார்ந்து அதைத் தட்டினார், அந்தக் கெட்ட கையாலேயே. இந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

பட்டியல் முடிந்தும் எது என்று முடிவு வரவில்லை. பெனிட்டாவைத்தான் பார்க்க வேண்டும். அதில் அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. நாலு வருஷம் முன்பு வரை அவள் அவருடைய டீமில்தான் இருந்தாள். கை கெட்டுத்தான் வேலையை விட்டாள். அவளுக்குத் தன்னால் ஆனதைச் செய்தோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனார்.

பெனிட்டா கதவின் கைப்பிடியை முழங்கையால் அழுத்தித் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார் அவர். ஆபீஸில் அவளை நீ, வா, போ என்றுதான் பேசியவர். காரியம் ஆக வேண்டுமென்றால் நாக்குக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது.

டீ ஃபிளாஸ்கில் இருக்கிறது, மூடியைத் திறந்து ஊற்றிக்கொள்ளுங்கள், எனக்கு அந்த மூடி திருக வராது, காலையில் வேலைக்கு வரும் அக்காதான் மூடி வைத்துவிட்டுப் போகிறாள் என்றாள். பால்வண்ணம் மூடியைப் பிடித்தார். அவருக்கும் வரவில்லை. இரண்டு பேரும் ஒரு ஃபிளாஸ்க்குக்கு முன்னால் நின்றார்கள். நாலு கை இருந்தும் ஒரு மூடிக்கு வக்கில்லை. கடைசியில் அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திருகினார். பெனிட்டா டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடித்தாள். விரல்கள் டம்ளரைத் தொடவே இல்லை.

அவசரமாக லேப்டாப்பைத் திறந்து பட்டியலைக் காட்டினார். பதினான்கையும் அலசிவிட்டதாகவும் கடைசியில் மூன்று மிஞ்சியதாகவும் அவற்றில் எது என்று அவள் சொன்னால் இன்றைக்கே வாங்கிவிடுவதாகவும் மூச்சுவிடாமல் சொன்னார். அவள் பட்டியல் பக்கம் திரும்பவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

அவர்கள் தொழிலில் தினமும் காலையில் இப்படி ஒரு கூட்டம் உண்டு. எல்லாரும் நின்றுகொண்டே ஆளுக்கு மூன்று பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், வேலையைத் தடுக்கிற பிளாக்கர் ஏதாவது உண்டா. பால்வண்ணம் பதினைந்து வருஷமாகப் பதில் சொல்லி வருகிறவர், பத்து வருஷமாகக் கேட்டும் வருகிறவர். லாகின் பக்கத்தில் இருந்த கோளாறைச் சரிசெய்ததாகத் தன்னை அறியாமல் சொன்னார்.

"இன்னைக்கு?"

மீதியிருக்கிற டெஸ்ட்டை முடிக்க வேண்டும் என்றார். சனிக்கிழமை என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

"பிளாக்கர் ஏதாவது?"

"இல்ல, ஒண்ணுமில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மரத்த கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பெனிட்டா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். ஆறு வாரம் என்றார். எடுத்துக்கொள்வதுதானே என்றாள். அது எப்படி முடியும், ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிறது, நாற்பத்தைந்து வயதுக்காரனை வெளியே தள்ளினால் திரும்ப யார் உள்ளே விடுவார்கள் என்று பால்வண்ணம் புலம்பித் தீர்த்துவிட்டார். இந்தத் தொழிலை விட்டால் தனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்றார். கையும் வேண்டும், வேலையும் வேண்டும் என்றார். கூச்சமாக இருந்தாலும் நிறுத்த முடியவில்லை.

அவள் கேட்டுக்கொண்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. நன்றி கெட்டவள் என்றுகூட நினைத்தார், பொய் சொல்வானேன். அந்தக் கோபத்தில் பழைய கதையை எடுத்தார்.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில் அவள் முறை வந்தபோது, என் கைதான் பிளாக்கர் என்று அவள் சொன்னாள். மற்றவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். பால்வண்ணம் சிரிக்கவில்லை. அன்றைக்கே ஒரு டிக்கெட் போட்டார். அவர்களுக்கு எந்தக் கோளாறும் டிக்கெட்தான். திறப்பார்கள், சரிசெய்வார்கள், மூடுவார்கள். தலைப்பில் கை வலி என்று எழுதி, மேலே சண்டை போட்டு, ஒரே வாரத்தில் நல்ல கீபோர்டு ஒன்றை வரவழைத்துக் கொடுத்து, தீர்ந்தது என்று மூடினார். ஒரு மாதத்தில் அவள் மறுபடி திறந்தாள். இன்னொன்று வாங்கிக் கொடுத்து மூடினார். மறுபடியும் திறந்தாள். அதைவிட உசத்தியாக ஒன்றை வாங்கிக் கொடுத்து மூடினார். எந்த லீட் இவ்வளவு செய்வான் என்று கேட்டார்.

"நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க சார்," என்றாள் பெனிட்டா. "ரெண்டாவது தடவை திறந்தப்ப அடியில நான் ஒரு வரி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கீபோர்டு வேண்டாம், ஒரு மாசம் லீவு போதும் என்று எழுதியிருந்தாள். ரிலீஸ் முடியட்டும், பார்க்கலாம் என்று அதற்குக் கீழே இவர் எழுதினார். புது மென்பொருளை வெளியிடுகிற அந்த ரிலீஸ் முடிந்த மறுநாளே அடுத்த ரிலீஸ் தொடங்கிவிட்டது. இவர் பார்க்கவும் இல்லை, அவள் திரும்பக் கேட்கவும் இல்லை. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வரி அவர் நினைவுக்கு வந்ததில்லை.

வெட்கத்தில் அவருக்கு முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலையில் மறுபடி அந்த மேஜையில்தான் உட்கார வேண்டும். கேட்காமல் போனால் வந்ததற்கே அர்த்தமில்லை. லேப்டாப்பை மூடிவிட்டார்.

"நான் செஞ்சது தப்புதான்மா. அதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். ஆனா நான் வாங்கிக் குடுத்த அந்த மூணையும் அடிச்சுப் பாத்தது நீங்க. எது சுகமா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அதையே வாங்கிக்கிறேன்."

பெனிட்டா மணிக்கட்டுகளுக்கு நடுவில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மூணாவதுதான் சார். முதல் ரெண்டுலயும் கொஞ்சம் வலிச்சுது, அப்பப்ப நிறுத்திக்குவேன். மூணாவதுல வலியே தெரியல. நாலு மாசம் நிறுத்தாம அடிச்சேன்."