வட்டம்மா எண்ணிய படிகள்

மூங்கில் காட்டுக் குளத்தில் வட்டம்மா என்றோர் ஆமை இருந்தாள். கோடை வந்தால் குளத்துத் தண்ணீருக்கு அவள்தான் பொறுப்பு. உள்ளே முங்கிப் போய், எத்தனை பாறைப் படிகள் நீருக்குள் இருக்கின்றன என்று எண்ணி வந்து சொல்வாள். மழை வரும்வரை எல்லாரும் குடிக்க ஆறு படித் தண்ணீர் வேண்டும். மிச்சமிருந்தால் பள்ளத்துப் புல்வெளிக்கு விடலாம்.

மடையைத் திறப்பவர் தலைவர் தந்தப்பர் என்ற யானை. தங்கமான மனசு, ஆனால் ஆசை வந்துவிட்டால் கை அடங்காது.

ஒவ்வொரு கோடையிலும் இருவருக்கும் இழுபறிதான். வேடிக்கை பார்க்க மான்கள் கூடிவிடும்.

"நாலு படி வேணும் வட்டம்மா."

"இருக்கிறதே ஆறுதான் தலைவரே."

"குட்டிகள் புல்லில்லாமல் வாடுதுங்க."

"சரி, எப்படியோ இழுத்துப் பிடிச்சு ரெண்டு விடலாம்."

உண்மையில் எட்டுப் படி இருக்கும். தலைவர் வாரி இறைப்பார் என்று பயந்து வட்டம்மா இரண்டை மறைப்பாள். தலைவருக்குத் தேவையும் இரண்டுதான். எப்படியும் பாதியாக்குவாள் என்று அவர் நாலு கேட்பார். ஆளுக்காள் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

அந்த வருடம் வட்டம்மாவுக்கு இந்த நாடகம் அலுத்துப் போனது. "எட்டு இருக்கு தலைவரே. ரெண்டு எடுத்துக்கோங்க" என்று உள்ளதைச் சொன்னாள். இத்தனை நாள் மறைத்ததை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

தந்தப்பர் மனசுக்குள் சிரித்தார். 'ஆறில் ரெண்டு விட்ட வருஷமெல்லாம் குடிக்கத் தண்ணீர் குறைந்ததே இல்லை, இவள் ரெண்டு குறைத்துத்தான் சொல்வாள். எட்டு என்கிறாள், அப்படியானால் பத்து இருக்கும்!' மடையை அகலத் திறந்து நாலு படியை விட்டுவிட்டார்.

மதியம் வட்டம்மா முங்கி எண்ணினாள். நாலே படி! மறுபடி எண்ணினாள். அதே நாலு. கடைசி மாதம் குட்டிகள் எதைக் குடிக்கும்? நேரே தலைவரிடம் ஓடினாள், ஆமையால் முடிந்த ஓட்டம்.

"தப்பு என்னுது தலைவரே. வருஷா வருஷம் ரெண்டு படியை மறைச்சேன். இந்த வருஷம்தான் நிஜத்தைச் சொன்னேன்."

தந்தப்பரின் காதுகள் தொங்கிப்போயின. "நானும் வருஷா வருஷம் ரெண்டு படி கூட்டித்தான் கேட்டேன், வட்டம்மா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் வட்டம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது.

"நல்லவேளை, களிமண் பள்ளம். தண்ணி இன்னும் மேலேதான் நிக்குது. அள்ளுங்க!" என்றாள்.

தந்தப்பர் பிளிறினார். யானைக் கூட்டம் முழுவதும் தும்பிக்கையால் உறிஞ்சி உறிஞ்சிக் குளத்தில் ஊற்றியது. குட்டிகள் சேற்றில் புரண்டு ஆட்டம் போட்டன. வட்டம்மா முங்கி முங்கி எழுந்தாள். "அஞ்சு!" என்றாள். பொழுது சாயும்போது "ஆறு!" என்று கத்தினாள். காடே கூத்தாடியது.

அன்றிலிருந்து அவள் எண்ணும்போது தந்தப்பரும் தும்பிக்கையை நீரில் விட்டுப் படிகளைத் தடவிப் பார்ப்பார். அடுத்த கோடையில் அவர் இரண்டு கேட்டார், அவள் இரண்டு என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சண்டை பார்க்க வந்த மான்கள் ஏமாந்து, புல் மேயப் போய்விட்டன.

திட்டம் போடுபவரும் இருப்பைக் காப்பவரும் ஒருவருக்கொருவர் உள்ளதை உள்ளபடி சொன்னால்தான், இருப்பது எல்லாருக்கும் போதும்.