கேட்காமல் எழுதிய உயில்

நாச்சிமுத்துவுக்கு எழுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தைந்து. ஊரில் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்து தங்குகிறவர்களுக்கு அந்தக் குருவின் மடத்தில் மதியச் சாப்பாடு உண்டு. பதினோரு வருஷமாகப் பந்தியில் குழம்பு ஊற்றுவது நாச்சிமுத்துதான். வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனிதர்.

ஒரு வியாழக்கிழமை பந்தி முடிந்ததும் குருவின் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தார்.

"என்னோட உயிலுங்க. சாமி ஒருக்கா பாத்துட்டா நாளைக்கே பதிவு பண்ணிருவேன்."

குரு வெங்காயம் உரித்த கையைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'எவருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதோடு எழுதி வைக்கும் உயில்.' நிஜந்தானுங்களா?"

"எல்லா உயில்லயும் அப்படித்தான் எழுதுவாங்க சாமி."

"எல்லா உயிலையும் நான் படிக்கலைங்க. இதைத்தான் படிக்கிறேன்."

"நிஜந்தானுங்க."

நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. அவர் காலத்துக்குப் பிறகு மடத்து அன்னதானத்துக்கு. அரிசி போதாமல் அந்த மாதம்தான் வாரத்தில் மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் இருந்தார்கள். குரு கடைசி வரிக்கு வந்தார்.

"'என் மகள் தெய்வானைக்கு இதில் எந்தப் பாத்தியதையும் இல்லை.' இது மட்டும் ஏன் தடிச்ச எழுத்துல இருக்குது?"

"நான்தானுங்க வக்கீல்கிட்டச் சொன்னேன்."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"பெத்தவனைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டா. ஆறு வருசமாச்சு."

"அப்புறம் உங்களைப் பாக்க வந்தாங்களா?"

"மூணு தரம் வந்தா. நான் கதவைத் தொறக்கலைங்க."

இதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது.

"சாமிக்கு வேண்டாம்னா வேற மடத்துக்கு எழுதிர்றேன். நான் பண்றது தானமா இல்லீங்களா?"

"வேண்டாம்னு சொல்லலைங்க. அரிசி இல்லாமத்தான் இருக்கோம். அவங்க உங்க இஷ்டப்படி கட்டிக்கிட்டிருந்தா, இந்தத் தோப்பு யாருக்குப் போயிருக்கும்?"

"அவளுக்குத்தானுங்க."

"மடத்துக்கு?"

நாச்சிமுத்து யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"வருசத்துக்கு ரெண்டு மூட்டை அரிசிங்க."

"அப்ப அந்த ரெண்டு மூட்டைதான் உங்க தானம். தோப்பு அவங்க குடுக்கறது. குடுக்கறவங்களைக் கேக்காம நான் எப்படிங்க வாங்கறது? போய்க் கேட்டுட்டு வாங்க. அவங்க சரின்னா வாங்கிக்கறேன்."

"நானுங்களா? அவ வீட்டுக்குப் போயி, அவகிட்ட நான் கேக்கறதுங்களா?"

குரு உயிலை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"கேக்காம பண்றது தப்புன்னு ஆறு வருசமாச் சொல்றது நீங்கதானுங்களே."