ஏழாம் நம்பர் தொண்டை

டாக்டர் அமலதாஸ் இருபத்திரண்டு வருடம் தொண்டை அறுவை செய்து பெயர் வாங்கியவர். ஐம்பத்து மூன்றாவது வயதில், குரல்நாண் படங்களை வாசிக்கக் கற்றுக்கொள்ள டாக்டர் மெய்யம்மையிடம் வந்து சேர்ந்தார். மெய்யம்மை அவரைவிட எட்டு வயது இளையவர். அதனால் என்ன என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஆனாலும் உள்ளே கொஞ்சம் உறுத்தியது.

டெக்னீஷியன் கேமராக் குழாயை நோயாளியின் தொண்டைக்குள் விட்டு, ‘ஈ’ என்று இழுக்கச் சொல்லிப் பதிவு செய்வார். விட்டுவிட்டு மின்னும் விளக்கில், கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் அதிரும் குரல்நாண்கள் மெல்ல அசைவதுபோலத் தெரியும். அமலதாஸ் தனியறையில் உட்கார்ந்து, வரிசையாக அந்தப் பதிவுகளைப் பார்த்து முடிவெழுதுவார். நோயாளிகளைப் பார்ப்பதில்லை. பதிவின் சத்தத்தையும் அணைத்துவிடுவார். கவனம் கலைகிறதாம்.

அன்று ஏழாம் நம்பருக்கு ‘அறுவை, நாளைக் காலை’ என்று எழுதியிருந்தார். மெய்யம்மை அதில் கையெழுத்துப் போடவில்லை.

“ஏழாம் நம்பர் யாரு சார்?”

“நாற்பத்தாறு வயசுப் பெண், மேடம். ரெண்டு நாண்லயும் தடிப்பு.”

“அந்தோணியம்மாள். துறைமுகத்துல மீன் ஏலம் விடுறவங்க. கொஞ்சம் கூடுதலா சீவிட்டோம்னா அவங்க வீட்டுல அடுப்பு எரியாது.”

அமலதாஸுக்குச் சுருக்கென்றது. “என் கை நடுங்காது மேடம். படம் இவ்வளவு தெளிவா இருக்கு. இன்னும் என்ன தயக்கம்?”

மெய்யம்மை வேறொரு பதிவைத் திறந்து, பெயர் தெரியாதபடி திரையின் மூலையில் ஒரு மருந்துச் சீட்டை ஒட்டினார்.

“இதைப் பார்த்துச் சொல்லுங்க.”

பழக்கத்தில் அமலதாஸின் விரல் சத்தத்தை அணைத்தது. முன்னால் குனிந்தார்.

“அய்யோ, இது அதைவிட மோசம். வலது நாண்ல வீக்கம். அந்த இடத்துல அதிர்வலையே ஓடலை பாருங்க.”

“குரல் எப்படி இருக்கும்?”

“காத்துதான் வரும். பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேட்காது.”

“அறுக்கலாமா?”

“அறுக்காம விட்டாத்தான் தப்பு.”

“நிச்சயமா?”

“இருபத்திரண்டு வருஷம், மேடம்!”

மெய்யம்மை சீட்டைப் பிய்த்தெடுத்தார். திரையில் இருந்தது மெய்யம்மையின் பெயர்.

அமலதாஸ் திரையையும் மெய்யம்மையையும் மாறி மாறிப் பார்த்தார். வார்டின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டாலும் கணீரென்று வந்து சேரும் குரல். எட்டு மாதமாக நாள் முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருக்கும் குரல். இந்த நிமிடமும் கேட்ட குரல்.

“பன்னிரண்டு வருஷமா இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிறேன். அது பாட்டுக்கு இருக்கு” என்றார் மெய்யம்மை. “நீங்கதான் ஊமைப் படமாவே பார்க்கிறீங்களே சார்.”

அமலதாஸ் சிரிக்கவில்லை.

“அப்படின்னா... இதுவரைக்கும் படத்தோட முடிவை மட்டும் நம்பி நான் அறுத்தவங்க?”

“யாராவது திரும்பி வந்தாங்களா?”

“ஒரு டீச்சர். ஆறு மாசம் கழிச்சு வந்து நன்றி சொன்னாங்க.”

“எப்படிச் சொன்னாங்க?”

“ஒரு சீட்டுல எழுதி...”

 அந்த டீச்சர் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்தது மரியாதைக்காக என்றுதான் அமலதாஸ் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். என்ன அழகான கையெழுத்து என்று மனைவியிடம்கூடக் காட்டியிருந்தார்.  நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரையைக் காட்டிக் கேட்டார்.

“படம் பொய் சொல்லுதா மேடம்?”

“இல்லை. அதுல இருக்கிறது எல்லாம் என் தொண்டையிலயும் இருக்கு.”

“அப்போ நான் எங்கே தப்பு பண்ணினேன்?”

மெய்யம்மை திரையை அணைத்தார்.

“அந்தோணியம்மாள் வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. சாப்பிட்டா தொண்டை எரியுதுன்னுதான் வந்தாங்க. போய், ஒரு கூடை நண்டை ஏலம் விடச் சொல்லுங்க. கடைசி விலை வரைக்கும் நின்னு கேட்டுட்டு வாங்க.”