பத்து வழிகளும் ஓர் ஒதுங்குகல்லும்

ஏரிக்கரை மேட்டில், பெரிய ஆலமரத்தடியில், பறியன் என்றொரு பெருச்சாளி குடியிருந்தான். மண் தோண்டுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. அவன் பல் பட்டால் கருவேலம் வேரும் கழன்று வந்துவிடும்.

அந்த மேட்டில் மொத்தம் பதினோரு குடும்பங்கள். ஒரு கோடையில் நாலா திசையிலும் குளங்கள் வற்றிவிட, தண்ணீர் இருந்த ஒரே இடம் இதுதான் என்று வந்து சேர்ந்தவர்கள். முயல் மேற்கிலிருந்து வந்தான். காடை தெற்கிலிருந்து வந்தாள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் பாதிதான் புரியும். சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. ஆனாலும் மழை பெய்த பிறகு ஒருவரும் திரும்பிப் போகவில்லை. வளைக்குப் பக்கத்தில் வளை, புதருக்குப் பக்கத்தில் புதர் என்று நெருக்கியடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஆலம்பட்டணம் என்று பெயரும் வந்துவிட்டது.

பட்டணத்திலிருந்து ஏரிக்கு ஒரே ஒரு வழிதான். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. பாதி வழியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். அதனால் தானாகவே ஒரு வழக்கம் உண்டாயிற்று. தண்ணீர் குடித்துவிட்டு ஏறி வருகிறவருக்கு வழி விட வேண்டும். இறங்குகிறவர் பக்கத்திலிருந்த தட்டைக் கல்லின் மேல் ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்கு ஒதுங்குகல் என்று பெயர்.

நிற்கிறவர், "தண்ணி எப்படி?" என்று கேட்பார். வருகிறவர் கரையில் கண்டதைச் சொல்லாமல் போகக் கூடாது.

"கிழக்கால சாரைப்பாம்பு படுத்திருக்கு. மேற்கால போ."

"சேறு கூடிப்போச்சு. குட்டிகளை இறக்காத."

இப்படி யாராவது ஒருவர் கண்டது, பொழுது சாய்வதற்குள் பதினோரு வீட்டுக்கும் போய்விடும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஆனால் தண்ணீரைப் பற்றிக் கேட்ட வாய் அதோடு நிற்குமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

குறிப்பாக ஓட்டாயி என்ற ஆமை. அவள் நடக்கிற நடைக்கு, காலையில் ஏரிக்குக் கிளம்பினால் திரும்ப மாலையாகும். ஆகவே வழியில் போகிற வருகிற எல்லோரும் அவள் கண்ணில் படாமல் தப்ப முடியாது. பறியன் மகள் மினுக்கியைப் பெண் பார்க்க வயல்வரப்பிலிருந்து ஒரு பெருச்சாளிக் குடும்பம் வந்துவிட்டுப் போயிருந்தது. போனவர்கள் போனவர்கள்தான். ஒரு சேதியும் இல்லை.

"என்ன தம்பி, மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஏதாச்சும் சேதி வந்துச்சா?" என்றாள் ஓட்டாயி.

"இல்லக்கா."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் முயல் கேட்டான். பிறகு காடை கேட்டாள். ஒருநாள், யாரென்றே தெரியாத ஒரு தவளைக் குஞ்சு ஒதுங்குகல்லில் நின்றுகொண்டு, "மாமா, மாப்பிள்ளை வந்தாச்சா?" என்றது.

பறியனுக்கு மானம் போயிற்று. அன்றைக்கு அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கரையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தான். அப்போது ஏரியின் அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன பறியா, முகம் வாடிக் கிடக்கு?"

ஒரு கீரி. நடுவில் தண்ணீர் நிறைய இருந்ததால் பறியனுக்குப் பயம் வரவில்லை. மனசில் கிடந்ததை எல்லாம் கொட்டிவிட்டான்.

"ஐயோ பாவம். இத்தனை நெருக்கத்துல எப்படித்தான் குடியிருக்கிறியோ!" என்றது கீரி. "நீ எவ்வளவு பெரிய தோண்டுக்காரன். வீட்டுக்கு ஒரு வழி வெட்டி, ரெண்டு பக்கமும் முள்வேலி வெச்சா ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க வேண்டாமே. அதானேப்பா பட்டணத்து மரியாதை?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் தன்னைப் பெரிய தோண்டுக்காரன் என்று சொன்னதிலேயே பறியனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்தக் கீரி எலும்பும் தோலுமாக இளைத்துக் கிடந்ததைப் பார்த்தான். ஏன் இளைத்தது என்று யோசிக்கவில்லை.

அன்றைக்கே பட்டணத்தைக் கூட்டினான். யோசனையைச் சொன்னான். கேட்டவர்களுக்கெல்லாம் சந்தோஷம். விசாரணைக்கு ஆளாகாதவர் அங்கே யார் இருந்தார்கள்? முயலின் காது ஏன் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று கேட்டவர்களே முப்பது பேர்.

ஓட்டாயி மட்டும், "எனக்கு எதுக்குப்பா தனி வழி? பேசிக்கிட்டே நடந்தாத்தான் எனக்குக் கால் வலி தெரியாது" என்று சொல்லிவிட்டாள்.

பறியன் இரவு பகல் பாராமல் உழைத்தான். கருவேலங்காட்டைக் குடைந்து பத்து வழிகள் வெட்டினான். வெட்டிய முள்ளையெல்லாம் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கினான். வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் வேலி. ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலை எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

முதல் நாள் தன் வழியில் இறங்கிப் போய், தன் துறையில் தண்ணீர் குடித்துவிட்டு, தன் வழியிலேயே திரும்பி வந்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பறியனுக்கு அழுகை வருகிற அளவுக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் பக்கத்து வேலிக்கு அப்பால் காடைக்குஞ்சுகள் கத்துவது கேட்டது. பொரித்தது எத்தனை என்று கேட்க வாயெடுத்தான். ஆனால் எப்படிக் கேட்பது? நமக்கெதுக்கு என்று போய்விட்டான்.

மினுக்கிதான் வாடிப்போனாள். "யாரையுமே பாக்க முடியலப்பா" என்றாள்.

"பாத்து என்ன ஆகப்போகுது?" என்றான் பறியன்.

கோடை வந்தது. ஏரி வற்றிக்கொண்டே போயிற்று.

ஒரு காலை, பறியன் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி வரும்போது, முயல் வழிப் பக்கமிருந்த வேலி முள்ளில் ஒரு கொத்து முடி மாட்டியிருப்பதைப் பார்த்தான். வெள்ளை முடி. அதில் காய்ந்த ரத்தம். நமக்கெதுக்கு என்று வீட்டுக்கு வந்தான். கிழங்கை எடுத்துக் கடித்தான். பாதியிலேயே கீழே வைத்துவிட்டான். கடைசியில், தானே கட்டிய வேலியைத் தன் பல்லாலேயே கடித்துப் பிளந்து முயல் வளைக்குள் தலையை நீட்டினான்.

முயல் மூலையில் சுருண்டு கிடந்தான். நீளக் காது பாதியாகியிருந்தது.

"என்னாச்சுப்பா?"

"கீரி, அண்ணே. ஏரி வத்தின பக்கமா நடந்தே இக்கரைக்கு வந்துடுச்சு. என் துறையில ஒளிஞ்சு உக்காந்திருந்துச்சு. எப்படியோ தப்பிச்சு வந்தேன். நாலு நாளாச்சு."

"நாலு நாளா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? என் வழியில யாரு வர்றாங்க?"

கீரி இத்தனை நாளும் ஏன் இளைத்துக் கிடந்தது என்பது அப்போதுதான் பறியனுக்கு உறைத்தது. முன்பெல்லாம் அதன் வால் நுனி தெரிந்தாலே ஒதுங்குகல்லில் சேதி பரவிவிடும். ஒருவரும் சிக்கமாட்டார்கள். இப்போது ஒரு துறையில் உட்கார்ந்தால் மற்ற ஒன்பது துறைக்கும் தெரியாது. நாளுக்கொரு துறை மாறி உட்கார்ந்தால் போதும்.

"இன்னிக்கு யார் துறையோ" என்றான் முயல்.

பறியன் வழிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் ஏறி வரும்போதே மினுக்கி, "நான் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேம்பா" என்று கிளம்பிப் போனவள். இன்னும் திரும்பவில்லை.

ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் தனியாக ஓடி என்ன செய்வது? கீரிக்கு இன்னொரு கவளமாவான், அவ்வளவுதான். பறியன் திரும்பி அடுத்த வேலியைக் கடித்தான். முள் உதட்டைக் கிழித்தது.

"காடையம்மா! கீரி வந்திருக்கு. எம் பொண்ணு கரையில தனியா இருக்கா. வாங்க!"

காடை வேலிப் பிளவில் தலையை நீட்டினாள். அவளுக்கு வால் இறகே இல்லை. அவளையும் முந்தாநாள் கீரி பிடிக்கப் பார்த்திருக்கிறது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. "வர்றேண்ணே" என்று ஓடி வந்தாள்.

அடுத்த வேலி. அதற்கடுத்த வேலி. இரவு பகலாகக் கட்டியதை இரண்டு நிமிஷத்தில் பிளந்துகொண்டே போனான். வாயெல்லாம் ரத்தம். முள்ளெலி வந்தான். அணில் வந்தாள். காது பாதியான முயலும் நொண்டிக்கொண்டே வந்தான். அத்தனை பேரும் பறியன் வழியில் இறங்கினார்கள்.

பறியன்தான் முதலில் கரையை அடைந்தான். துறை வாசலில் கீரி உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது. மினுக்கியைக் காணோம்.

"வா பறியா" என்றது கீரி. "உன் பட்டணம் ரொம்ப வசதியா இருக்கு. எதிர்ல ஒரு ஆள் வர்றதில்ல."

"எம் பொண்ணு எங்கே?"

கீரி எழுந்து முதுகை நெளித்தது. பாய்வதற்கு முன்னால் பறியனின் தோளுக்குப் பின்னே பார்த்தது. முயல் நின்றான். காடை நின்றாள். முள்ளெலி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றான். அவர்களுக்குப் பின்னாலும் தலைகள் வந்துகொண்டேயிருந்தன. அந்த வழிகளில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் கீரி பார்த்ததே இல்லை. திரும்பிப் பார்க்காமல் வற்றிய ஏரிச் சேற்றில் ஓட்டம் பிடித்தது. முயல் வீசிய சேற்றுக்கட்டி ஒன்று அதன் முதுகில் விழுந்தது.

பறியன் அதைப் பார்க்கவில்லை. கரையில் விழுந்து, "நானே வழி வெட்டிக் குடுத்துட்டேனே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதான்.

அப்போது பழைய வழிப் பக்கமிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"தம்பி, அழாத. புள்ள இங்க எங்கூடத்தான் இருக்கா."

எல்லோரும் முள்ளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒதுங்குகல்லின் மேல் மினுக்கி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஓட்டாயி. பெருச்சாளிப் பெண் அல்லவா, வேலிக்கு அடியில் ஒரு பொந்து போட்டுக்கொண்டு ஒரு மாதமாகத் தினமும் ஆமையிடம் பேச வந்துகொண்டிருந்தாளாம். இன்றைக்கும் கரைக்குப் போகுமுன் வந்து, "தண்ணி எப்படி அத்தை?" என்று கேட்டிருக்கிறாள்.

"போகாத. இப்பத்தான் உங்க துறைப் பக்கமா கீரி போச்சு" என்று ஓட்டாயி அவளைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

பறியன் மகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பிறகு ஆமையைப் பார்த்தான். "அக்கா, கீரி வந்தது முன்னாடியே தெரியுமா?"

"நாலு நாளாத் தெரியும். சொல்லலாம்னு நாலு நாளா இந்தக் கல்லுகிட்டயே நிக்கிறேன் தம்பி. இந்தப் புள்ளையும் இன்னிக்குத்தான் கண்ணுல பட்டா. நேத்து வரைக்கும் காய்ச்சல்ல படுத்திருந்தாளாம். வேற ஒருத்தரும் வரலியே. வேலியத் தாண்டிக் கத்தினா என் குரல் எவ்வளவு தூரம் போகும்?"

பறியன் தலையைக் குனிந்துகொண்டு, இந்த யோசனையைச் சொன்னதே கீரிதான் என்ற உண்மையையும் சொல்லிவிட்டான். அதைச் சொல்வது வேலியைக் கடிப்பதைவிட வலித்தது.

"வேலி அத்தனையும் பிடுங்கிடலாம்" என்றான்.

"எதுக்கு அத்தனையும்?" என்றாள் ஓட்டாயி. "வாசல்ல இருக்கிறது இருக்கட்டும். எனக்கே சில நாள் யார் மூஞ்சியும் பாக்கப் பிடிக்காம ஓட்டுக்குள்ள போயிடறேன். உங்களுக்கு ஓடு இல்ல, வேலியாவது வேணாமா?"

அதன்படியே நடந்தது. வாசல் வேலிகள் நின்றன. வழி வேலிகள் போயின. பத்து வழிகளையும் பறியன் வளைத்துக் கொண்டுவந்து ஒதுங்குகல்லில் சேர்த்தான். பாறை இடுக்கைக் கொஞ்சம் அகலப்படுத்தலாமே என்று அணில் கேட்டாள். பறியன் மாட்டேன் என்றுவிட்டான். கல்லை மட்டும் மூன்று பேர் நிற்கிற அளவுக்குப் பெரிதாக்கினான்.

மறுநாள் காலையில் அவன் அந்தக் கல்லில் ஒதுங்கி நின்றான். எதிரே ஓட்டாயி ஏறி வந்தாள்.

"தண்ணி எப்படிக்கா?"

"தெளிவா இருக்கு. பயமில்லாம போ." சொல்லிவிட்டு அவள் போகவில்லை. கழுத்தை நீட்டினாள். "ஆமா, மாப்பிள்ளை வீட்டுல இருந்து சேதி வந்துச்சா தம்பி?"

பறியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லக்கா. தினம் பத்துப் பேர்கிட்ட பேசறீங்களே, நல்ல இடமா இருந்தா நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்."

"அதை முன்னாடியே கேக்க வேண்டியதுதானே? அக்கரைக் கரும்புத் தோட்டத்துல ஒரு பையன் இருக்கான்" என்று ஆரம்பித்தாள் ஓட்டாயி. அவர்களுக்குப் பின்னால் முயலும் காடையும் வழிக்காகக் காத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வேலி வேண்டியதுதான். ஆனால் ஊர் வழிக்கு வேலி போட்டால், பக்கத்து வீட்டுக்கு வந்த ஆபத்து நம் வீட்டுக்கு வரும்வரை நமக்குத் தெரியாது.